இரண்டு பக்கமும் நாற்பது தப்படி

எங்கள் அம்மா தெருவில் நடந்தால் உதடு அசையும். தெரியாதவர்கள் ஏதோ ஓதிக்கொண்டு போகிறார் என்று நினைப்பார்கள். அம்மா எண்ணிக்கொண்டு போகிறார். கோட்டைமேட்டில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை அறுநூற்றுப் பன்னிரண்டு தப்படி. மழை பெய்த மறுநாள், குழிகளைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால், அறுநூற்று இருபது.

அவர் பெயர் சாஜிதா பேகம். வயது நாற்பத்து நான்கு. லெவல் எடுப்பது தொழில். மூன்று கால் ஸ்டாண்டின் மேல் ஒரு சின்னத் தொலைநோக்கியை மட்டமாக வைத்து, தூரத்தில் ஒருவர் நட்டமாகப் பிடித்திருக்கும் அளவுகோலைப் படித்து, எந்த இடம் எந்த இடத்தைவிட எவ்வளவு உயரம் என்று மில்லிமீட்டரில் சொல்வார். அந்தத் தொலைநோக்கிக்கும் லெவல் என்றுதான் பெயர். சாக்கடை எந்தப் பக்கம் ஓட வேண்டும், மொட்டை மாடி எந்த மூலைக்குச் சரிய வேண்டும் என்பதெல்லாம் இதை வைத்துத்தான் முடிவாகும். சரவணம்பட்டியில் கண்ணாடி போட்ட பெரிய கட்டடங்கள் இருக்கின்றனவே, அவற்றில் மூன்று கட்டடங்களிலிருந்து அழுக்குத் தண்ணீர் தானாக வெளியே போவது அம்மா போட்டுக்கொடுத்த மட்டத்தில்தான். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை.

அம்மா ஐ.டி.ஐ.யில் சர்வேயர் பிரிவில் சேர்ந்தபோது அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். பூட்டுச் சாவிக் கடை வைத்திருந்த தாத்தா உமர் பாரூக், "தையல் படிச்சா ஊட்டுக்குள்ளயே இருந்து பொழச்சுக்கலாமே" என்றாராம். "துணியை அளக்கறதுக்குப் பதிலா நெலத்தை அளக்கப் போறேன் அத்தா, டேப்பு அதே டேப்புதான்" என்று அம்மா சொன்னாராம். தாத்தா சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

என் அத்தா முஜீப், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். கல்யாணமான புதிதில் பீரோவின் ஒரு காலுக்கு அடியில் அட்டை வைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, "இவ என்னையும் ரசமட்டம் வெச்சுப் பாத்துத்தான் கட்டிக்கிட்டா போல" என்று எல்லோரிடமும் சொன்னாராம். இப்போதும் சொல்கிறார்.

அம்மாவோடு அளவுகோல் பிடிப்பவர் இஸ்மத் அக்கா. முன்பு மில்லில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவர், பதினோரு வருடமாக அம்மாவோடு இருக்கிறார். வாய் ஓயாது, ஆனால் அளவுகோலைப் பிடித்துவிட்டால் கண்கூட இமைக்காது.

அவர்கள் வேலை செய்யும் முறை இதுதான். அளவுகோல் நிற்கும் இடத்திலிருந்து அம்மா நாற்பது தப்படி எண்ணி நடந்து கருவியை வைப்பார். பின்னால் திரும்பி அளவுகோலைப் படிப்பார். பிறகு இஸ்மத் அக்கா கருவியைத் தாண்டி அதே நாற்பது தப்படி முன்னால் போய் அளவுகோலை நிறுத்த வேண்டும். அதைப் படிப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த இரண்டு இடங்களின் ஏற்ற இறக்கம். கருவி எப்போதும் நட்ட நடுவில் இருக்க வேண்டும். முப்பத்தைந்து, நாற்பத்தைந்து என்று இருக்கக் கூடாது.

"அக்கா, அஞ்சு தப்படி தள்ளி ஒரு வேப்பமரம் நிக்குது. நெழல்ல வெச்சா பூமி கோவிச்சுக்குமா?" என்று இஸ்மத் அக்கா வெயிலில் கேட்பார்.

"கோவிச்சுக்காது. சொல்லாம கணக்குல சேத்துப்போடும்."

இதை நான் ரொம்ப நாள் அம்மாவின் பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன். காரணம் இருக்கிறது. கருவி வழியாகப் போகும் பார்வை நேர்கோடு. ஆனால் பூமி உருண்டை. தண்ணீர் பூமியின் மேல் படிந்துதான் நிற்கும், அதுதான் மட்டம். அப்படியென்றால் நேர்கோடு போகப் போக மட்டத்தை விட்டு மேலே விலகிக்கொண்டே போகும். நூறு மீட்டரில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, அதனால் வீடு கட்டுபவர்கள் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஒரு கிலோமீட்டரில் எழுபத்தெட்டு மில்லிமீட்டர். காற்று வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழ்ப்பக்கம் வளைத்துவிடுவதால் கண்ணுக்கு அது அறுபத்தேழாகக் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். கருவி நடுவில் இருந்தால் பின்பக்கம் எவ்வளவு விலகுகிறதோ அதே அளவு முன்பக்கமும் விலகும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது பூமியின் வளைவும் கழிந்து போய்விடும். அந்த நாற்பது தப்படிக்கு இதுதான் அர்த்தம்.

இது எனக்கு உண்மையில் புரிந்தது கடந்த தை மாதம், வெள்ளகோவிலில்.

வெள்ளகோவிலுக்கு வெளியே முப்பத்தொரு விவசாயக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். பொதுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு மேட்டின் மேல் தொட்டி கட்டி ஏற்றி, அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் குழாய் பதித்து எல்லாக் காடுகளுக்கும், அதாவது விவசாய நிலங்களுக்கும், கொண்டுபோகத் திட்டம். குழாய் நடுவில் பள்ளத்தில் இறங்கி, எதிர் மேட்டில் ஏறி, கடைசியில் பாவாத்தாள் என்பவரின் முருங்கைக் காட்டுத் தொட்டியில் போய் விழ வேண்டும். இடையில் மோட்டார் கிடையாது. மேல்தொட்டியில் தண்ணீர் நிற்கும் உயரம் பாவாத்தாளின் தொட்டி வாயைவிட மேலே இருந்தால்தான் தண்ணீர் தானாகப் போகும்.

சங்கத்தார் சரவணம்பட்டியிலிருந்து மிதுன் என்ற இளம் இன்ஜினியரை அழைத்து அளந்திருந்தார்கள். அவரிடம் இருந்தது டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணுக் கருவி. ஒரு மேட்டில் கருவி, எதிர் மேட்டில் கம்பின் முனையில் ப்ரிசம் என்ற கண்ணாடி. நேராக ஒரே பார்வை. அரை நாளில் வேலை முடிந்தது. பாவாத்தாளின் தொட்டி ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் தாழ்வு, தண்ணீர் தாராளமாகப் போகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் கணக்கை வைத்து மேல்தொட்டிக்குத் தூண்கள் எழும்பிவிட்டன. திங்கட்கிழமை தூண்களின் மேல் கான்கிரீட் போட நாள் குறித்தாகிவிட்டது. போட்டுவிட்டால் பிறகு தொட்டியின் உயரத்தை மாற்ற முடியாது.

பாவாத்தாளுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "எந்தத் திட்டம் போட்டாலும் கடைசிக் காட்டுக்காரிக்குத்தான் தண்ணி வாரதில்லீங்க. இன்னொருக்கா ஆராச்சும் பாத்துச் சொல்லட்டும்" என்று நின்றுவிட்டார். காங்கேயத்தில் ஒரு அரிசி ஆலைக்கு அம்மா லெவல் எடுத்ததை அவர் பார்த்திருந்தார். அப்படித்தான் அம்மா அங்கே போனார்.

வியாழக்கிழமை மேல்தொட்டியிலிருந்து பாவாத்தாள் காடு வரை. வெள்ளிக்கிழமை அங்கிருந்து திரும்பவும் மேல்தொட்டிக்கு. போகும்போது ஐம்பது இடம், வரும்போது ஐம்பது இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் நாற்பது தப்படி. கிளம்பிய புள்ளிக்கே திரும்பி வந்தபோது கணக்கில் எட்டு மில்லிமீட்டர்தான் பிசகு. ஆறு கிலோமீட்டர் நடையில் எட்டு மில்லிமீட்டர். அதை நான் எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் விடை வேறாக இருந்தது. பாவாத்தாளின் தொட்டி வாய் தாழ்வாக இல்லை. மேல்தொட்டி மட்டத்தைவிட ஒன்பது சென்டிமீட்டர் உயரம். அந்தக் குழாயில் தண்ணீர் கடைசி வரை போகவே போகாது.

அம்மா அளவுகோல் பெட்டியின் மேல் உட்கார்ந்து பக்கம் பக்கமாக மூன்று முறை கூட்டினார் என்று இஸ்மத் அக்கா சொன்னார். முகம் வெளுத்திருந்ததாம். பிறகு நோட்டின் ஓரத்தில் மூன்றை மூன்றால் பெருக்கி, ஒன்பதை அறுபத்தேழால் பெருக்கினார். அறுநூற்று மூன்று மில்லிமீட்டர். மிதுன் சொன்ன ஐம்பத்திரண்டையும் தன் ஒன்பதையும் கூட்டினால் அறுபத்தொரு சென்டிமீட்டர், ஏறக்குறைய அதே அளவு. நோட்டை மூடிவிட்டு, "இஸ்மத், டீ குடிக்கலாமா?" என்றாராம். அப்போதுதான் அக்காவுக்கு மூச்சு வந்ததாம்.

சனிக்கிழமை காலை தூண்களுக்கு அடியில் சங்கத்தார் கூடினார்கள். மிதுனும் வந்திருந்தார். அன்று நானும் அம்மாவோடு போயிருந்தேன். சங்கத் தலைவர் தம்பிதுரை கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன.

"ஏனுங்க அம்மணி, அந்தத் தம்பி அரை நாள்ல எறக்கம்னு சொன்னாரு. நீங்க ரெண்டு நாள் நடந்துபோட்டு ஏத்தம்ங்கறீங்க. நாங்க ஆரை நம்பறதுங்க?"

"அவரு மெஷின் நல்ல மெஷினுங்க அண்ணா. ஆனா மூணு கிலோமீட்டரை ஒரே மூச்சுல பாத்திருக்காரு. நடுவுல பூமி வளைஞ்சிருக்குதுங்க. மெஷின் அந்த வளைவைக் கழிக்கலை."

மிதுன் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், அது நாங்களும் படிச்சதுதானுங்க. அதெல்லாம் மெஷின் தானாக் கழிச்சுக்கும். பூமி உருண்டைன்னு அதுக்குத் தெரியும்."

"மெஷினுக்குத் தெரியுதோ என்னமோ, எனக்கு இன்னிக்குத்தானுங்க தெரியுது" என்றார் தம்பிதுரை. எல்லோரும் சிரித்தார்கள். "என்ற காட்டுல நின்னு நாலு பக்கமும் பாக்கறேன், தோசைக்கல்லாட்டத் தட்டையாத்தான் இருக்குது. வெள்ளகோவிலுக்குள்ள எங்கீங்க அம்மணி பூமி வளையுது?"

பின்னால் யாரோ, "ரெண்டு நாள் வெயில்ல நடந்தா எல்லாமே வளைஞ்சுதான் தெரியும்" என்றார். மறுபடியும் சிரிப்பு. எனக்குக் காது சூடானது. அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணா, உங்க ஊர்க் கொளத்துல இப்பத் தண்ணி நிக்குதுங்களா?"

"நெறைஞ்சு நிக்குதுங்க. கரையோரமா ஒன்னரைக் கிலோமீட்டருக்குத் தண்ணிதான்."

"நிக்கற தண்ணி மட்டந்தானுங்களே? இந்தக் கடைசியும் அந்தக் கடைசியும்?"

"அதுல என்னங்க சந்தேகம்? எறக்கம் இருந்தா ஓடிப்போயிருக்குமே."

"அப்ப நாளைக்குக் காத்தாலே, காத்து கெளம்பறதுக்கு முன்னாடி, தம்பியே அவரு மெஷினை வெச்சு அந்தத் தண்ணியை அளக்கட்டுங்க. நான் தொடமாட்டேன். மெஷினு மட்டம்னு சொல்லிப்போட்டா, நீங்க திங்கக்கெழமை கான்கிரீட் போடுங்க. நான் இந்தப் பக்கம் இனி ஸ்டாண்டைத் தூக்கிட்டு வரமாட்டேனுங்க."

இஸ்மத் அக்கா அம்மாவின் கையைக் கிள்ளினார். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பேசினார். "ஏன்க்கா அப்படி ஒரு வார்த்தையை விட்டீங்க? மெஷின்ல வேற கோளாறா இருந்துட்டா?" காங்கேயம் தாண்டும் வரை அம்மா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வட்டாரத்தில் ஒருவர் சொன்னால் பத்துப் பேர் அழைப்பார்கள். ஒருவர் சிரித்தால் பத்துப் பேரும் நிறுத்திவிடுவார்கள். அம்மாவுக்கு அது தெரியும். இருபது வருடம் எண்ணி நடந்த நடைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பதில் வரப் போகிறது என்பதும் தெரியும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குளம் கண்ணாடி போல அசையாமல் இருந்தது. இரண்டு கடைசியிலும் கரை ஓரத்தில் ஒரு செங்கல்லைத் தண்ணீரின் மேற்பரப்போடு சரியாக இருக்கும்படி பதித்தார்கள். மிதுன் இந்தக் கடைசியில் கருவியை நிறுத்தினார். அளப்பதற்கு முன்னால் அம்மா நோட்டிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கிழித்து, எதையோ எழுதி மடித்து, பாவாத்தாளிடம் கொடுத்தார். "அக்கா, இது உங்ககிட்ட இருக்கட்டுங்க. நான் கேக்கறப்பப் பிரிங்க." பாவாத்தாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

முதலில் பக்கத்துச் செங்கல்லின் மேல் ப்ரிசக் கம்பை வைத்து அளந்தார்கள். பிறகு தம்பிதுரையின் மொபெட்டில் இஸ்மத் அக்கா கம்பைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கடைசிக்குப் போனார். அங்கே அக்கா குண்டூசி அளவுக்குத்தான் தெரிந்தார். மிதுன் கருவிக்குள் பார்த்தார், பொத்தானை அழுத்தினார், திரையைப் படித்தார். பிறகு மறுபடியும் அழுத்தினார்.

"எவ்வளவுங்க தம்பி?" என்றார் பாவாத்தாள்.

"அந்தப் பக்கத்துத் தண்ணி..." மிதுன் குரல் இறங்கியது. "பதினாலு சென்டிமீட்டர் தாழ்வுன்னு காட்டுதுங்க."

"பிரிங்க அக்கா" என்றார் அம்மா.

பாவாத்தாள் முடிச்சை அவிழ்த்துப் படித்தார். "பதினஞ்சு. தாழ்வு. அப்படித்தான் எழுதியிருக்குது!"

மொபெட்டில் திரும்பி வந்திருந்த தம்பிதுரை குளத்தைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார். "அரையடி எறக்கமுங்களா? அப்ப இந்நேரம் அங்க கரை ஒடைஞ்சிருக்கோணுமே!"

மிதுன் விட்டுக்கொடுக்கவில்லை. தண்ணீர் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கலாம் என்றார். அம்மா தலையாட்டினார். "இருக்கலாந் தம்பி. இப்ப மெஷினை அந்தக் கடைசிக்குக் கொண்டுபோயி அங்கிருந்து இந்தப் பக்கம் பாருங்க. நெசமாவே அது தாழ்வா இருந்தா, இது மேடாத் தெரியோணும்."

இஸ்மத் அக்கா கம்போடு முதல் செங்கல்லுக்குத் திரும்பினார், மற்ற எல்லோரும் கரை மேலேயே நடந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். அம்மாவின் உதடு அசைந்துகொண்டே வந்தது. எதிர்க் கடைசியில் கருவி நின்றது. மிதுன் இந்த முறை மூன்று தடவை அழுத்திப் பார்த்தார்.

"இங்கிருந்து பாத்தா... அந்தப் பக்கம் தாழ்வுங்க. பதினாறு."

முதலில் தம்பிதுரைதான் வாயைத் திறந்தார்.

"அங்கிருந்து பாத்தா இது பள்ளம், இங்கிருந்து பாத்தா அது பள்ளம். அப்பத் தண்ணி எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்குதுங்களா?"

கரை முழுக்கச் சிரிப்பு. ஆனால் அது நேற்றுச் சிரித்த சிரிப்பு இல்லை. அம்மாவும் சிரித்தார்.

"தண்ணிக்குத் தெரியுங்க அண்ணா. அது பூமியோட சேந்து படுத்திருக்குது. நேராப் போறது நம்ம பார்வைதான். நாம எங்க நின்னு பாத்தாலும் தூரத்துல இருக்கறது நம்ம கோட்டுக்குக் கீழ எறங்கித்தான் தெரியும். அப்படித்தான் பாவாத்தாள் அக்கா தொட்டியும் எறங்கித் தெரிஞ்சிருக்குது. மூணு கிலோமீட்டருக்கு ரெண்டடி."

மிதுன் கருவியின் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்துகொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. பூமி வளைவையும் காற்றின் வளைப்பையும் கழிக்கும் வசதி அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"வாடகை மெஷினுங்க மேடம். முந்தி எடுத்தவங்க ஆஃப் பண்ணியிருக்காங்க. நான் பாக்கவேயில்லை." காது மடல் சிவந்திருந்தது.

"இப்பப் பாத்துட்டீங்கல்ல? ஆன் பண்ணி இன்னொருக்கா அடிங்க."

அடித்தார். ஒரு சென்டிமீட்டர் என்று காட்டியது. தண்ணீர் மறுபடியும் மட்டமாகிவிட்டது.

"உங்க கணக்குக்கும் என்ற கணக்குக்கும் நடுவுல இருந்த அறுபத்தியொண்ணுல அறுபதைப் பூமி எடுத்துக்கிச்சு. மீதி ஒரு சென்டி நம்ம ரெண்டு பேரோட தப்பு" என்றார் அம்மா. "அதுல ஆருக்கு எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க தம்பி."

அப்போதுதான் மிதுன் சிரித்தார். கிளம்பும் முன் அம்மாவின் நோட்டைக் கேட்டு வாங்கி, இரண்டு நாள் அளவுகளையும் நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தார். "ஆறு கிலோமீட்டருக்கு எட்டு மில்லிமீட்டருங்களா மேடம்?" என்று இரண்டு முறை கேட்டார். முதல் முறையே காதில் விழுந்தும் அம்மா இரண்டு முறையும் பதில் சொன்னார்.

திங்கட்கிழமை கான்கிரீட் போடவில்லை. தூண்களை ஒரு மீட்டர் உயர்த்திக் கட்டி, பன்னிரண்டு நாள் கழித்துப் போட்டார்கள். அதற்கான உயரக் குறியைத் தூணில் அம்மாதான் போட வேண்டும் என்று தம்பிதுரை ஆள் அனுப்பினார். முதல் நாள் பின்னாலிருந்து கேலி பேசியவர்தான் அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவர் யார் என்று எனக்குத் தெரியும். பெயரை எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

குழாயில் தண்ணீர் விட்ட நாளில் அம்மா அங்கே இல்லை. காரமடையில் ஒரு புதுத் தெருவுக்குச் சாக்கடை மட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். இதை இஸ்மத் அக்காதான் எனக்குச் சொன்னார். அம்மா எண்ணி நடந்து வந்துகொண்டிருக்கும்போது கைபேசி அடித்ததாம். வேலை நேரத்தில் எடுக்கமாட்டார். பெயரைப் பார்த்துவிட்டு எடுத்தார்.

"அம்மணி, ஒரு நிமிசம் பேசாம இருங்க" என்றார் பாவாத்தாள். கைபேசியைக் குழாய் வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறார். முதலில் காற்று உறுமுகிற சத்தம். பிறகு விக்கல் போல. பிறகு தொட்டியின் வெறும் தரையில் தண்ணீர் தொப்பென்று விழுந்து, நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது.

"கேக்குதுங்களா கண்ணு?"

"கேக்குதுங்க அக்கா."

"கடைசிக் காட்டுக்கும் வந்துபோட்டுதுங்க."

அம்மா நடுத் தெருவில் கைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாராம். எதிர்முனையில் அழைப்பு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே.

"என்னாச்சுக்கா, நின்னுட்டீங்க?" என்று இஸ்மத் அக்கா அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

"எத்தனைன்னு விட்டுப்போச்சு இஸ்மத்."

"இருபத்தேழு. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்!"

"நீ அங்கிருந்து எண்ணினது உன்ற கணக்கு" என்றார் அம்மா. முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டாண்டைத் தோளில் தூக்கி, அளவுகோல் நின்ற இடத்துக்கே திரும்பிப் போய், ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.